கண்ணுக்கெட்டாத கிண்ணம்

என் அத்தை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இதைக் கேட்டதும் சிலர் முகம் கனிந்துவிடுகிறது. பெரிய கொடைவள்ளல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. யார் எதைச் சொன்னாலும் அவள் ஆமாம் என்பாள், அவ்வளவுதான். மழை வரும்போலிருக்கிறது என்றால் ஆமாம். எங்கே வரப்போகிறது என்றால் அதற்கும் ஆமாம். இரண்டு பேர் அவள் முன்னால் நின்று சண்டை போட்டால், இருவருக்கும் தலையாட்டி, நான்தான் ஜெயித்தேன் என்ற திருப்தியோடு இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அவள் வேலை பார்த்த கலைக்கூடத்தில் அவளுக்கு ‘ஆமாம் மேடம்’ என்று பெயர். வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் ஆமாம் என்றுதான் திரும்பியிருப்பாள்.

அவள் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்வது கஷ்டமில்லை. படிப்பு முடிந்ததும் அந்தக் கலைக்கூடத்தின் கிடங்கில் பொருள்களுக்குத் தூசி தட்டும் வேலை கிடைத்தது. “கொஞ்ச நாள் போய்ப் பாரு, பிடிக்கலேன்னா விட்டுடு” என்றாராம் என் அப்பா, அவளுடைய அண்ணன். ஆமாம் என்று போனாள். பிடித்ததா இல்லையா என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவளும் அங்கேயே இருந்துவிட்டாள். கல்யாணமும் அப்படித்தான். “கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆமாம்னுட்டா. நான் இன்னும் யோசிச்சுக்கிட்டிருந்தேன்” என்று மாமா இன்றைக்கும் சொல்வார். கிடங்கிலிருந்து அலுவலகத்துக்கும், அங்கிருந்து க்யூரேட்டர் நாற்காலிக்கும் அவள் வந்தது திறமையால் என்று அவளே சொல்லமாட்டாள். மேலே இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போனார்கள். யாரோடும் முட்டாத ஒரே ஆள் மிஞ்சினாள். க்யூரேட்டர் என்றால் எந்தப் பொருளை வைப்பது, எங்கே வைப்பது, அதைப் பற்றி என்ன சொல்வது என்று முடிவெடுக்கிறவர். முடிவே எடுக்காத ஒருத்தியை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் வசதி.

அவளுடைய அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கூரை சரிந்து வரும். உள்ளே நுழைகிறவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். அத்தை இடித்துக்கொண்டதே இல்லை, அவ்வளவு குள்ளம். சுவரில் இருந்த மேல்தட்டில் தேயிலை டப்பா இருக்கும். அதை எடுப்பதற்காக இரண்டு படி வைத்த மர ஸ்டூல் ஒன்று வைத்திருந்தாள். எப்போதோ வெள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. உடம்பெல்லாம் பெயிண்ட் சொட்டு. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்கடியில் மடித்துவைத்த அட்டை. ஸ்டூலில் ஏறி டப்பாவை எடுப்பாள், இறங்கி டீ போடுவாள், மறுபடி ஏறி டப்பாவை வைப்பாள்.

“டப்பாவைக் கீழேயே வெச்சா என்ன அத்தை?”

“ஆமாம்ல. வைக்கலாம்ல” என்றாள், ஏதோ நான் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. மறுநாளும் டப்பா மேலேதான் இருந்தது.

நான் அப்போதுதான் பல வருஷம் தேசம் தேசமாகச் சுற்றி, நாலைந்து மொழிகளில் பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டு வீடு திரும்பியிருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் அரித்தது. “சும்மாதானேடி இருக்கே, மொழிபெயர்க்க வாயேன்” என்று அத்தை கூப்பிட்டாள். கலைக்கூடத்தில் சர்வதேசக் கைவினைக் கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது, வெளிநாட்டு க்யூரேட்டர்கள் மூன்று பேர் அத்தையோடு சேர்ந்து அதை நடத்துகிறார்கள் என்றாள். கண்காட்சிக்குத் தலைப்பு ‘தொடுகை’. ஒவ்வொரு பீடத்துக்கும் பக்கத்தில் வைப்பதற்காக ‘தொடாதீர்கள்’ என்ற பலகைகள் அச்சாகி அவள் அறை மூலையில் கட்டுக்கட்டாக இருந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அத்தையும் சிரித்தாள். யார் சிரித்தாலும் சிரிப்பாள்.

அந்த மூன்று பேரையும் பற்றிச் சொல்லவேண்டும். முதல் ஆள் குளிர்நாட்டுக்காரர். நிலைவாசலுக்கெல்லாம் குனிந்து குனிந்து கழுத்தே முன்பக்கம் வளைந்துவிட்ட நெட்டையர். பொருள்களை அடுக்கும் விதம், பீடங்கள், வெளிச்சம் எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டாவது ஒரு தீவு நாட்டு அம்மணி. மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவாள். அவளை மௌன அம்மணி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றாவது ஆள் எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டிருப்பார். எதைக் கேட்டாலும் “இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கு” என்பார். அந்தப் பெரிய கேள்வி என்னவென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. நாங்களும் விட்டுவிட்டோம்.

இவர்கள் கூட்டு முயற்சிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யாரும் தலைவர் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒத்துக்கொண்ட ஒன்றை மாற்றுவதாக இருந்தால் அதற்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு ரொம்ப நியாயம். நடைமுறையில், எது முதலில் தவறாக முடிவானதோ அது நிரந்தரமாகிவிடும். கணினித் திரையில் நடந்த கூட்டங்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதில் கழிந்தன. நீங்கள் சொன்னது எவ்வளவு ஆழம் என்பார் ஒருவர். அதைக் கவனித்த உங்கள் பார்வைதான் ஆழம் என்பாள் இன்னொருத்தி. நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டு பார்த்தால், ஒரு பொருளைப் பற்றியும் பேச்சு தொடங்கியிருக்காது. அவர்களுக்கு ஆமாம் என்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அத்தை இருந்தாள்.

நம் பக்கத்திலிருந்து என்னென்ன வைக்கவேண்டும் என்பதைக்கூட அவர்களே புகைப்படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். மரியாதைக்காகவாம். அத்தை தானாகத் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று, ஒரு செம்புக் கிண்ணம். அதுவும் அவள் தேடிப்போய்க் கண்டதில்லை.

ஒருநாள் மாமாவின் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா “வா, வா” என்றார். எதிர்வீட்டுக்காரர் “நில்லுங்க, நில்லுங்க” என்றார். இரண்டு பேருக்கும் ஆமாம் சொன்னாள். கார் தூணில் மோதியது. ஒடுக்கெடுப்பதற்காக டிங்கரிங் பட்டறைக்கு எடுத்துப்போனாள். என்னையும் கூட்டிப்போனாள்.

பட்டறையின் முதலாளி ஒரு பெண்பிள்ளை. டிங்கரம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அகலமான தோள், அதைவிட அகலமான வாய். கார் கதவுகளில் ஒடுக்கெடுத்தது போக மிச்ச நேரத்தில் செம்புத் தகட்டை அடித்துக் கிண்ணம் செய்வாளாம். “என்னை மாதிரி சுத்தி பிடிக்க உலகத்துலயே ஆள் கிடையாது” என்றாள் எடுத்த எடுப்பிலேயே. உலகத்தில் வேறு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கையில் சுத்தியல் இருந்ததால் கேட்கவில்லை.

அலமாரிமேல் ஒரு கிண்ணம் இருந்தது. இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கவேண்டிய அளவு, நல்ல ஆழம். வெளிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று கரி. அடுப்பில் மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போன பாத்திரம் மாதிரி இருந்தது.

“வெளிய பாக்காதீங்க மேடம். அது வேணும்னே அப்படி விட்டது. உள்ள பாருங்க” என்று இறக்கி பெஞ்சின் மேல் வைத்தாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்பக்கம் பளபளவென்று தேய்த்த செம்பு. விளிம்பிலிருந்து அடிவரை சுத்தியல் அடிகள் வளையம் வளையமாக இறங்கின. கீழே போகப்போகச் சிறியதாகி, அடியில் அரிசியளவுப் புள்ளிகளாகிவிட்டிருந்தன. தலையை அசைத்தால் வெளிச்சம் வளையத்துக்கு வளையம் தாவி ஓடியது. எனக்கு எதையும் சுலபமாகப் பிடிக்காது. இது பிடித்தது. அத்தையோ கிண்ணத்துக்குள் முகத்தையே விட்டுவிட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் சிரிக்காதபோது அவள் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“இதைக் கண்காட்சியில வைக்கலாமா?” என்றாள் முகத்தை வெளியே எடுத்து. அவளாக ஒன்றைக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

“வைங்க. ஆனா ஒண்ணு. வர்றவங்க எல்லாருக்கும் உள்பக்கம் தெரியணும். தெரியலேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். கரிச்சட்டின்னு நாலு பேர் சொல்லிட்டுப் போறதுக்கு நான் அடிக்கல.”

“ஆமாம். தெரியும். எல்லாருக்கும் தெரியும்” என்றாள் அத்தை. கார் அங்கேயே நின்றது. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

பிறகு பீடங்கள் வந்து இறங்கின.

அவற்றின் உயரம் எப்போது முடிவானது என்று கேட்டால், நான் வருவதற்கு முன்பே நடந்த ஒரு கூட்டத்தில். எந்த நாடும் எந்த நாட்டுக்கும் மேலும் இல்லை, கீழும் இல்லை, ஆகவே எல்லாப் பீடங்களும் ஒரே உயரம் என்று முடிவெடுத்திருந்தார்கள். சரி, என்ன உயரம்? பொருளும் மனிதனும் கண்ணோடு கண் பார்க்கவேண்டும் என்று நெட்டையர் சொல்லியிருக்கிறார். யாருடைய கண் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தன் கண்ணை வைத்து அளந்துவிட்டார். மற்ற இரண்டு பேருக்கும் கவலையில்லை. மௌன அம்மணி கொண்டுவந்தவை மடித்த காகிதங்கள், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மடித்த காகிதங்கள்தான். சால்வைக்காரருடையவை நெய்த திரைகள், சுவரில் தொங்கின. உள்ளே எட்டிப் பார்க்கவேண்டிய பொருள் அந்தக் கூடத்திலேயே அத்தையின் கிண்ணம் ஒன்றுதான். உயரத்துக்கு ஒத்துக்கொண்டவர்களில் அத்தையும் ஒருத்தி. கேட்டேன். “ஆமாம்டி, அன்னிக்கு எல்லாரும் சரின்னாங்க” என்றாள்.

கிண்ணத்தைப் பீடத்தின்மேல் ஏற்றியதும் போய் நின்று பார்த்தோம். எனக்குக் கரிச்சட்டியின் வயிறு தெரிந்தது. அத்தைக்கு அதுகூட இல்லை, பீடத்தின் விளிம்புதான் தெரிந்தது. கட்டைவிரலில் எம்பினாள். அப்படியும் அடிப்பக்கத்துக் கரிதான். தான் தேர்ந்தெடுத்த ஒரே பொருளைத் தானே பார்க்கமுடியாமல் நின்ற க்யூரேட்டர் வேறு எங்காவது உண்டா தெரியாது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எது நல்லா இருக்கு? அந்தம்மா வந்து பாத்தா ஊரைக் கூட்டப்போறாங்க. இவங்ககிட்டச் சொல்லுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்.”

மூன்று பேரும் திறப்புக்கு முன்பே வந்து இறங்கியிருந்தார்கள். அன்று மதியம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அத்தை என் காதருகே சாய்ந்தாள். “அந்த ஒரு பீடத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்த முடியுமான்னு கேளேன். முடிஞ்சா. அவங்களுக்குச் சிரமம் இல்லேன்னா.”

முடிஞ்சாவையும் சிரமத்தையும் விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன்.

நெட்டையர் முகம் வாடிவிட்டது. “ஒரு பீடத்தைத் தாழ்த்துறது ஒரு நாட்டைத் தாழ்த்துற மாதிரி. அதுவும் உங்க நாட்டை. எங்க மனசு தாங்காது.”

“எல்லாத்தையும் தாழ்த்திடலாமே” என்றேன். இதை அத்தை சொல்லவில்லை, நானாகச் சொன்னது.

மௌன அம்மணி கண்களை மூடிக்கொண்டாள். “தெரியாம இருக்கிற உள்பக்கம். அதுதானே அழகு? அந்தக் கிண்ணம் தன் மௌனத்தைத் தனக்குள்ளேயே வெச்சிருக்கு. அதைக் கலைக்கணுமா?”

“உள்பக்கம்னா என்ன, வெளிப்பக்கம்னா என்ன?” என்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார் மூன்றாமவர். “இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கு.”

“மேலே ஒரு கண்ணாடியாவது சாய்ச்சுத் தொங்கவிடலாம். கீழேருந்து பாத்தா உள்ள தெரியும்” என்றேன்.

அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் நெட்டையர் கவலையோடு கேட்டார்: “கண்ணாடி எந்த நாட்டோடது?”

கடைசியில், கிண்ணத்தின் உள்ளே சுத்தியல் தடங்கள் இருக்கின்றன என்று ஒரு அட்டையில் எழுதிப் பீடத்தில் ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. பாயசம் தித்திக்கும் என்று எழுதிக் கையில் கொடுக்கிற மாதிரி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமாம்” என்றாள் அத்தை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “டிங்கரம்மாகிட்ட எல்லாருக்கும் தெரியும்னு வாக்குக் குடுத்தீங்கல்ல?”

“ஆமாம்.”

“அப்புறம் இவங்ககிட்டயும் ஆமாம்னா எப்படி?”

“ஆமாம்டி, கஷ்டம்தான்” என்றாள். ஏதோ வேறு யாருக்கோ வந்த கஷ்டத்துக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அன்று அவள் வீட்டில் சாப்பிடும்போது மாமாவிடம் சொல்லித் தீர்த்தேன். மாமா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புதிதாக ஒரு கூட்டாளி கிடைத்த மாதிரி.

“நீ இப்பதானேம்மா பாக்கிறே. நான் எத்தனை வருஷமாப் பாக்கிறேன். அதோ அந்த ஜன்னல், தெருப்புழுதியெல்லாம் உள்ள வருது, அடைச்சிடலாம்னு கல்யாணம் ஆன புதுசுலேருந்து சொல்றேன். ஆமாம்பா. கொத்தனாரைக் கூப்பிடுன்னா ஆமாம்பா. இன்னிவரைக்கும் ஜன்னல் அப்படியே இருக்கு. ஆமாஞ்சாமியைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!”

அத்தை எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அவள் நாற்காலி எப்போதும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்போது தொலைபேசி அடித்தது. டிங்கரம்மாவின் குரல் எனக்குவரை கேட்டது.

“மேடம், திறப்புக்குப் பட்டறையை மூடிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். என் மாமியாரும் வருது. நான் வெட்டியாத் தகடு தட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கில்ல, அது வந்து பாக்கட்டும். உள்ள நல்லாத் தெரியுதில்ல?”

“ஆமாம், வாங்க, வாங்க” என்றாள் அத்தை.

நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இப்படிப்பட்ட ஆளை இரக்கப்பட்டுக்கூடப் பார்க்க முடியாது என்று தோன்றியது. மொழிபெயர்ப்பு வேலை முடிந்ததும் மறுபடி எங்காவது கிளம்பிவிடலாம் என்று இருந்தேன்.

திறப்பு நாளன்று காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. நெட்டையர் கூட்டத்துக்கு மேலே தலை தெரிய நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கிண்ணத்தின் உள்பக்கம் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் அந்தப் பீடத்தின் முன்னால் வந்து, அண்ணாந்து, அட்டையைப் படித்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கணவன் மனைவி நின்றார்கள். “அடுப்புல மறந்துட்டாங்க போல” என்றான் அவன். “நம்ம வீட்டுல நீங்க வெச்ச பால்சட்டியையும் குடுத்திருக்கலாம்” என்றாள் அவள்.

டிங்கரம்மா படையோடு வந்தாள். பட்டறை ஆட்கள் தலையைப் படிய வாரிக்கொண்டு, துவைத்த சட்டையில் விறைப்பாக நின்றார்கள். மாமியார் அத்தையைவிடக் குள்ளம். வாயை ஒரு பக்கமாகக் கோணியபடி வந்தது. பீடத்துக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தது.

“இதுக்குத்தான் பட்டறையை மூடிட்டு வந்தியா? இதுல ரசம்கூட வைக்கமுடியாதே.”

ஆட்களில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டான். டிங்கரம்மா முகம் செம்புத் தகடாகச் சிவந்தது. அவளும் எம்பிப் பார்த்தாள். அவளுக்கே தெரியவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்து அத்தையைக் கண்டுபிடித்தாள்.

“மேடம்! என்ன மேடம் இது? எல்லாருக்கும் தெரியும்னு சொன்னீங்கல்ல? எங்க தெரியுது? இந்தக் காக்காய்க்குத்தான் தெரியும்.” காக்காய் என்று கை காட்டியது நெட்டையரை. “நான் சொன்னபடி தூக்கிட்டுப் போறேன். நகருங்கடா.”

இரண்டு கைகளையும் பீடத்துக்கு நீட்டினாள். காவலர் ஓடிவந்து ‘தொடாதீர்கள்’ பலகையைக் காட்டினார். “நான் செஞ்சதை நான் தொடக்கூடாதா?” என்று அவரிடம் திரும்பினாள். மூன்று வெளிநாட்டவரும் நெருங்கி வந்தார்கள். என்ன சொல்கிறாள் என்று நெட்டையர் என்னைக் கேட்டார். “உங்க உயரத்தைப் பாராட்டுறாங்க” என்றேன்.

அத்தையைத் தேடினேன். காணவில்லை. இவ்வளவு நேரம் சுவரோரம் நின்றவள் இல்லை. ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். படிக்கட்டுக்கு அடியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நினைத்தபோது எனக்கு ஆச்சரியம்கூட வரவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி” என்று சன்னமான குரல் கேட்டது. ஜனங்கள் விலகினார்கள். அத்தை வந்துகொண்டிருந்தாள். மார்போடு அந்த ஸ்டூலை அணைத்திருந்தாள். புடவையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பீடத்துக்கு முன்னால் வந்து டொக்கென்று போட்டாள். குனிந்து, குட்டைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினாள். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

“ஏறுங்க” என்றாள் மாமியாரிடம். கையைப் பிடித்துக்கொண்டாள்.

நெட்டையர் என் தோளைத் தொட்டார். “இது நாம ஒத்துக்கிட்டதில இல்லை. சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஆமாம்” என்றாள் அத்தை, திரும்பாமல். மாமியார் முதல் படியில் ஏறிவிட்டிருந்தது.

“எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்காம இதை வைக்கமுடியாது. எடுத்துடச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன்.

“ஆமாம்” என்றாள். ஸ்டூலை ஒரு காலால் அண்டக்கொடுத்துக்கொண்டு நின்றாள். மாமியார் இரண்டாவது படியில் ஏறியது. மௌன அம்மணி ஏதோ சொன்னாள், சால்வைக்காரரும் சொன்னார். ஒவ்வொன்றையும் அத்தைக்குச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். ரொம்ப மரியாதையாக, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, தலையாட்டி. ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுத்திருந்தால் பேசிச் சரிக்கட்டியிருப்பார்கள், அதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. ஒத்துக்கொண்டே இருக்கிற ஒருத்தியை என்ன செய்வது?

மாமியார் கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டியது. நெடுநேரம் அப்படியே நின்றது. கீழே டிங்கரம்மா விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“என்ன அத்தே?” என்று கடைசியில் மாமியாரைக் கேட்டாள்.

“அடியில ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கு” என்றது மாமியார். இறங்குவதற்கு மனமில்லாமல் இன்னொருமுறை பார்த்தது. “மத்ததெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு.”

“தள்ளியா? எங்க தள்ளி? இறங்கு, நான் பாக்கிறேன்!” டிங்கரம்மா அதை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். பட்டறை ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பால்சட்டித் தம்பதி. அவர்களுக்குப் பின்னால் கூடத்தில் இருந்த எல்லோரும். ஒவ்வொருவரும் ஏறும்போது அத்தை முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இறங்கும்போதும் பிடித்துக்கொண்டாள். மற்ற நாடுகளின் பொருள்களுக்கு முன்னால் காவலர்கள்தான் நின்றார்கள். கூட்டம் கரைந்த பிறகு கடைசியாக அவளே ஏறினாள். கிண்ணத்துக்குள் முகத்தை விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர்களை எனக்குத் தெரியாதா? மறுநாள் ஒரு பத்திரிகையில் அந்த வரிசையின் புகைப்படம் வந்தது. அதற்கு மறுநாள் மூன்று பேரும் கூடிப் பேசி, ஸ்டூல் என்பது தொடக்கத்திலிருந்தே நான்கு நாடுகளும் சேர்ந்து யோசித்தது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஏறுதல் என்பது உடம்பு கேட்கிற ஒரு கேள்வி என்று நெட்டையர் எழுதினார். படிகளுக்கு நடுவே இருக்கிற மௌனத்தைப் பற்றி மௌன அம்மணி ஒரு மணி நேரம் பேசினாள். ஸ்டூலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய கேள்வியைச் சால்வைக்காரர் கண்டுபிடித்துவிட்டதாகக் கேள்வி. கண்காட்சிக் கையேட்டின் அடுத்த பதிப்பில் அத்தையின் பெயர் அகரவரிசைப்படி கடைசியில் இருந்தது. இதற்கெல்லாம் சம்மதமா என்று அவளைக் கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கண்காட்சியோடு கிண்ணம் மற்ற நாடுகளுக்கும் போயிற்று. போகுமிடத்திலெல்லாம் அதற்கு முன்னால் புத்தம்புது ஸ்டூல் செய்து வைக்கிறார்களாம். ஆனால் அவர்களுக்கு அசல் வேண்டும். பெயிண்ட் சொட்டுகளோடு, குட்டைக் காலோடு, அந்த அட்டை மடிப்போடு. அதை அனுப்பச் சொல்லி முதலில் நெட்டையர் கேட்டார், பிறகு மற்ற இருவரும் கேட்டார்கள். பெட்டிகூடச் செய்து அனுப்பிவிட்டார்கள், உள்ளே பஞ்சு வைத்து, ஸ்டூலின் கால்களுக்கு அளவெடுத்துக் குழி வெட்டி. அந்தப் பெட்டி அத்தையின் அறை மூலையில், மிஞ்சிப்போன ‘தொடாதீர்கள்’ பலகைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன்மேல் இப்போது குடைகளை வைக்கிறாள்.

நேற்றும் திரையில் நெட்டையரின் செய்தி வந்திருந்தது. நான் படித்துச் சொன்னேன். அத்தை ஸ்டூலின்மேல் ஏறித் தேயிலை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எப்ப அனுப்பப்போறீங்கன்னு கேக்கிறார். அடுத்த கண்காட்சிக்குள்ள வந்துடுமான்னு கேக்கிறார். என்ன எழுதட்டும்?”

டப்பாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“ஆமாம்னு எழுது” என்றாள்.